நுனிக்காலில் நின்றவர்

மகன்,

இந்தக் கடிதத்தை யாரிடமும் கொடுத்து மொழிபெயர்க்க வேண்டாம். ஃபோனில் படம் பிடித்துப் பிரெஞ்சாக்கவும் வேண்டாம். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய், ஒரு பக்கத்துக்குக் கால் மணி நேரம் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். பிடிக்கட்டும். உன் கல்யாணத்துக்கு இன்னும் பதினொரு நாள் கிடக்கிறது. மொழிபெயர்க்கிறேன் என்று ஒருவர் நடுவில் வந்து நின்றதால்தான் நீ தகப்பன் இல்லாமல் வளர்ந்தாய். இன்னொரு தரம் உனக்கும் எனக்கும் நடுவில் நான் யாரையும் விடமாட்டேன். வாசித்து முடித்த பிறகு நிவேதாவுக்கு நீயே உன் வாயால் சொல். அவளுடைய தாய் தகப்பன் வாசித்தாலும் சரி, லா ஷப்பல் தமிழ்ச் சனம் முழுக்க வாசித்தாலும் சரி, இதில் ஒளிப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நிவேதா வீட்டிலிருந்து கல்யாண அழைப்பிதழைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாய். தங்க எழுத்து, பிள்ளையார் படம், லா கூர்னெவ் மண்டபத்தின் முகவரி. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாசித்து வந்தேன். பெண்ணின் தாய்மாமன் என்ற இடத்தில் கந்தசாமி என்று இருந்தது. எந்தக் கந்தசாமி என்று கேட்டேன். "இன்டெர்ப்ரெத் கந்தசாமி மாமா அம்மா. ரெண்டு பாஷையும் தண்ணி மாதிரிக் கதைப்பார். இஞ்சை எல்லாருக்கும் அவரைத் தெரியும். நல்ல ஜான்தி, தங்கமான மனுசன்" என்றாய். நான் எழுந்து குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டேன். என்னம்மா என்று நீ கேட்டதற்கு ஒண்டுமில்லை என்று சொன்னேன். அது பொய். அந்தப் பொய்யைத் திருத்தத்தான் இப்போது எழுதுகிறேன்.

இன்னொரு பொய்யும் இருக்கிறது. நீ பதினாலு வயதிலிருந்து என்னைக் கேட்டு வந்தாய், காலையில் வேலைக்குப் போகுமுன் சப்பாத்தைக் கவிழ்த்து வைத்து அடியில் சோக்கால் என்ன எழுதுகிறாய் என்று. வழுக்காமல் இருக்க சோக் பூசுகிறேன் என்று சொல்லி வைத்தேன். நீயும் நம்பினாய், உன் சிநேகிதப் பெடியனுக்கு மழை நாளில் அதையே சொல்லிக் கொடுத்ததாகவும் கேள்விப்பட்டேன். மகன், சோக் பூசினால் இன்னும் வழுக்கும். நான் அங்கே ஒரு சொல்லை எழுதினேன். ஒவ்வொரு நாளும் எழுதினேன். மாலையில் வீட்டுக்கு வரும்போது அந்தச் சொல் தேய்ந்து போயிருக்கும், மறுநாள் காலையில் திரும்பவும் எழுதுவேன். அந்தச் சொல்லின் கதை இது.

2009 வைகாசியில் சண்டை முடிந்த பிறகு உன் அப்பாவை எட்டு மாதம் பிடித்து வைத்திருந்தார்கள். அவர் வயரிங் வேலை செய்தவர், வாயாடி, வீட்டுக்குள் வந்தால் அவர் சத்தம்தான் கேட்கும். விட்டபோது பேச்சை அங்கேயே வைத்துவிட்டு வந்த மனிதராக வந்தார். அடுத்த வருடம் முடியும்போது மூன்று பேரும் பாரிஸ் வந்து சேர்ந்தோம். உனக்குப் பத்து வயது. லா ஷப்பலில் ஒரு அறையில் இருந்தோம், நீ நித்திரையான பிறகுதான் நாங்கள் எங்கள் அகதிக் கேஸைப் பற்றிக் கதைப்போம். அப்படி ஒருநாள், அங்கே உங்களை என்ன செய்தார்கள், விசாரணையில் அதைத்தானே கேட்பார்கள் என்று நான் நெருக்கினேன். அவர் வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. பிறகு எழுந்தார். கால் இரண்டையும் சேர்த்து வைத்தார். கைகளைப் பின்னால் கொண்டுபோய் மணிக்கட்டுகளைச் சேர்த்தார், பின்பக்கமாகவே உயர்த்தினார். தோள் திருகியது. அந்த இழுவையைத் தாங்குவதற்குக் குதிக்காலைத் தூக்கி நுனிக்காலில் நின்றார். தலை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. எத்தனை நேரம் அப்படி நிற்க வைத்தார்கள் என்று கேட்டேன். விரலைக் காட்டி எண்ணினார், அது மணித்தியாலங்கள்.

நான்தான் அவருக்கு அந்த யோசனையைச் சொன்னேன். "வாயாலை வராட்டி எழும்பிச் செய்து காட்டுங்கோ. மனுசர்தானே, விளங்கிக்கொள்ளுவினம்" என்றேன். 2011இல் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி, இந்தப் பக்கம் உன் அப்பா, நடுவில் மொழிபெயர்ப்பாளர் கந்தசாமி. முடிந்து வெளியே வந்தபோது உன் அப்பாவின் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு ஒரு தெளிவைக் கண்டேன். "எல்லாம் காட்டினனான். அந்த அண்ணை நல்ல வடிவாக் கதைச்சவர்" என்றார். அதற்குப் பிறகு லா ஷப்பல் தெருவில் கந்தசாமியைக் கண்டால் கையில் இருக்கிற சாமான் பையை நிலத்தில் வைத்துவிட்டுக் கும்பிடுவார். அவரும் தலையை ஆட்டிவிட்டுப் போவார்.

கேஸ் ரிஜெக்ட் என்று கடிதம் வந்தது. விண்ணப்பதாரர் தனக்கு நேர்ந்ததைப் பற்றித் திட்டமாக எதையும் கூறவில்லை என்று நாலு வரி. அதோடு விசாரணையில் பேசியதெல்லாம் எழுதிய ஒரு கட்டுத் தாளும் வந்தது. எங்களுக்கு அதை வாசிக்கத் தெரியாது, யாரிடமும் காட்டவும் வெட்கம். ஒரு உறையில் போட்டு அலுமாரியில் வைத்தேன். உன் அப்பாவைப் பார்த்து நான் சொன்னதை எழுதத்தான் வேண்டும். "வாயிருந்தும் ஊமையாட்டம் இருந்திட்டு வந்திருக்கிறியள். என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கையை நாசமாக்கிப் போட்டியள்" என்றேன். நீ அடுத்த கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாய், கேட்டிருப்பாயோ தெரியாது. மேல்முறையீட்டிலும் முதல் விசாரணையைக் காட்டியே தள்ளிவிட்டார்கள். அவர் விசா இல்லாமல் ஒரு ரெஸ்டோரன்டில் கோப்பை கழுவப் போனார். 2013 மாசியில் ஒருநாள் காலையில், வேலைக்கு வெளிக்கிடும்போது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதவடியில் இருந்தார். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், தெரியாத ஒன்றைப் பின்னால் சொல்கிறேன்.

அவர் போன பிறகு எனக்கு பெல்வில்லில் மெனாஜ், துப்புரவு வேலை கிடைத்தது. மெத்ரோவில் நாலு தரிப்பு. ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் மரத்தரை போட்ட பெரிய அறை. அதை மதாம் ரஷெல் என்கிற யூதப் பெண் நடத்தினார், தூனிஸில் பிறந்து சின்ன வயதில் இங்கே வந்தவர், அப்போதே எழுபதுக்குக் கிட்ட. அவர் சொல்லிக் கொடுத்ததை நடனம் என்றும் சொல்ல முடியாது, யோகா என்றும் சொல்ல முடியாது. அவர்களுடைய பழைய எபிரேய எழுத்துகளை உடம்பால் எழுதுவார்கள். முதல் எழுத்துக்கு ஒரு கை மேலே, ஒரு கை கீழே, இடுப்பில் ஒரு சாய்வு. தொழும்போது முன்னும் பின்னும் ஆடுவது, முழங்காலை மடித்து வணங்குவது, தொழுது முடித்த பிறகு மூன்று அடி பின்னால் போவது, எல்லாவற்றையும் மூச்சோடு சேர்த்துப் பழக்குவார். வாய் மட்டும் தொழுதால் போதாது, உடம்புக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது என்பது அவர் கட்சி. வருகிறவர்கள் எட்டுப் பத்துப் பேர், முக்கால்வாசி நரைத்த தலை. எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. காசு கட்டி வந்து ஆடுகிறார்களே, ஒருநாள் வந்து என்னோடு தரை துடைத்தால் எல்லா எழுத்தும் உடம்பில் தானாக வருமே என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வியாழக்கிழமை அவர்கள் முடிக்கிற நேரம் நான் வாளியோடு உள்ளே போனேன். எல்லாரும் கால் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு நின்றார்கள். பரிசுத்தம் என்கிற அவர்கள் சொல்லை மூன்று தரம் சொன்னார்கள். ஒவ்வொரு தரத்துக்கும் குதிக்காலைத் தூக்கி நுனிக்காலில் உயர்ந்தார்கள். தேவர்களைப் போல ஒற்றைக் காலாகச் சேர்ந்து நின்று மேலே எழும்புவதாம் அது. ஓரத்தில் நின்ற ஒரு வயதான மனிதர் மட்டும் கைகளைப் பின்னால் கட்டியிருந்தார். தலை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. என் கையிலிருந்த வாளி விழுந்து தண்ணீர் மரத்தரை முழுக்க ஓடியது. எல்லாரும் போன பிறகு ரஷெல் என்னைக் கதிரையில் இருத்தி, என்ன கண்டாய் என்று கேட்டார். எனக்கு அவ்வளவு பிரெஞ்சு கிடையாது. எழுந்து செய்து காட்டினேன். கால்களைச் சேர்த்தேன், கைகளைப் பின்னால் உயர்த்தினேன், நுனிக்காலில் நின்றேன். மகன், அந்த அம்மா ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. யார், உன் புருஷனா, யார் கட்டித் தூக்கினார்கள் என்று கேட்டார். ஒரு மொழிபெயர்ப்பாளரும் அங்கே இருக்கவில்லை.

அந்தத் தாள்களைக் கொண்டுவா என்றார். அலுமாரியிலிருந்த உறையை மறுநாள் கொண்டுபோனேன். அவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மெல்ல மெல்ல வாசித்தார், எனக்கு விளங்கும்படி ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் சொன்னார். ஐந்தாம் பக்கத்தில் நின்றார். அதில், விண்ணப்பதாரர் எழுந்து நிற்கிறார், சில அசைவுகள் செய்கிறார் என்று எழுதியிருந்தது. அவர் என்ன சொல்கிறார் என்று அதிகாரி கேட்டிருக்கிறார். மொழிபெயர்ப்பாளர் சொன்ன பதில் அடுத்த வரியில் இருந்தது. இல் தி கில் எ ஃபத்திகே. தனக்குக் களைப்பாக இருக்கிறது என்கிறார். அதிகாரி, அப்படியானால் இருக்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். எட்டு மாதத்தையும் உன் அப்பா தன் உடம்பால் எழுதிக் காட்டினார், கந்தசாமி அதை ஒரு சொல்லில் முடித்து வைத்தார். அன்றைக்கு நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து உன் அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று, ஊமை என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

அடுத்த பங்குனியில் அவர்களுக்குப் பூரிம் பண்டிகை வந்தது. முன்னொரு காலத்தில் அவர்களைப் பூண்டோடு அழிக்கத் திட்டம் போட்ட ஒரு அமைச்சனின் கதையை அன்றைக்கு வாசிப்பார்கள். அவன் பெயர் வரும்போதெல்லாம் எல்லாரும் காலால் நிலத்தை மிதித்துச் சத்தம் போடுவார்கள். சிலர் அந்தப் பெயரைச் சப்பாத்தின் அடியில் சோக்கால் எழுதி, மிதித்து மிதித்தே அழிப்பார்களாம். ரஷெல் என்னிடம் ஒரு சோக்கைத் தந்து, உன்னுடைய ஆளின் பெயரை எழுது, இன்றைக்கு உனக்கும் அனுமதி என்றார். எழுதப்போன கை அப்படியே நின்றுவிட்டது. கந்தசாமி. நல்லூர்க் கோயிலில் இருக்கிற முருகனின் பெயர். அதை எப்படி மகன் காலில் போட்டு மிதிப்பது? ரஷெலுக்கு விளங்கப்படுத்தினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, எங்கள் எதிரிக்கு நல்லவேளையாகக் கடவுள் பெயர் இல்லை என்றார். பிறகு, அப்படியானால் அவன் சொன்ன பொய்யை எழுது என்றார். தமிழில் களைப்பு என்று நாலெழுத்து எழுதினேன். சப்பாத்தைப் போட்டு முதல் அடி வைத்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எழுத்தைக் காலால் மிதித்துவிட்டேனே என்று பழக்கத்தில் டக்கென்று குனிந்து, சப்பாத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். சரஸ்வதி அன்றைக்கு என்ன நினைத்தாவோ. இரண்டாம் அடி லேசாக இருந்தது. பத்தாம் அடியில் தரை அதிர்ந்தது, கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டினார்.

அவர்களுக்கு அது வருடத்தில் ஒருநாள். எனக்கு ஒவ்வொரு நாளும் ஆகிவிட்டது. ரஷெல் இதைக் கண்டுபிடித்தபோது கோபப்பட்டார். ஒரு நாளைக்குத்தான் அது, மற்ற நாளெல்லாம் வேறு வேலை இருக்கிறது என்றார். உங்களுக்கு ஆயிரக்கணக்கான வருடம் ஆகிவிட்டது மதாம், உங்களுக்கு ஒருநாள் போதும், எனக்கு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது என்றேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதை உன் கன்னத்தில்தான் அறிந்துகொண்டேன். உனக்குப் பதினாலு முடிந்த வருடம், ஒரு சனிக்கிழமை காலை, தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடு என்று எழுப்பினேன். நீ போர்வையை இழுத்துக்கொண்டு "ஷ்வி ஃபத்திகே, மமான்" என்றாய், களைப்பாக இருக்கிறது அம்மா என்று. நான் அடித்தேன். இரண்டாம் தரமும் அடித்தேன். எல்லாப் பிள்ளைகளும் சனிக்கிழமை காலையில் சொல்கிற ஒரு சொல்லுக்கு உன் உதடு வெடித்து இரத்தம் வந்தது. நீ என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் உன் அப்பாவின் மௌனம் அப்படியே இருந்தது. அன்றைக்குப் பிறகு நீ என் முன்னால் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை, காய்ச்சலில் கிடந்தபோதும் சொல்லவில்லை. அந்த அடி உனக்குரியதல்ல. அது வேறொருவருக்குப் போக வேண்டியது. இத்தனை வருடம் கழித்துக் கேட்கிறேன், என்னை மன்னித்துக்கொள்.

உரியவரைத் தேடி நான் போகாமலும் இல்லை. நீ பள்ளிக்கூடம் போன வருடங்களைக் காட்டி எனக்கு பொபினி அலுவலகத்தில் விசா காட் கிடைத்த வருடம் அது. இனி என்னை யாரும் எங்கும் அனுப்ப முடியாது என்றானதும், லா ஷப்பலில் மரக்கறிக் கடையில் வைத்துக் கந்தசாமியைப் பிடித்தேன். முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றார். "அண்ணை, 2011இலை எழும்பி நிண்டு காட்டின ஒரு ஆளுக்கு நீங்கள் கதைச்சனீங்கள். ஞாபகம் இருக்கோ?" என்று கேட்டேன். "தங்கச்சி, ஆயிரம் பேருக்குக் கதைச்சிருப்பன். எல்லாற்றை முகமும் ஞாபகம் இருக்குமே" என்றார். "முகம் வேண்டாம். கையைப் பின்னாலை தூக்கிக்கொண்டு நுனிக்காலிலை நிண்டவர்" என்றேன். முருங்கைக்காய் அவர் கையில் அப்படியே நின்றது. பிறகு மெதுவாகச் சொன்னார். "அவர் வாயாலை ஒண்டும் சொல்லேல்லைத் தங்கச்சி. வாயாலை சொன்னதைத்தான் நாங்கள் சொல்லலாம். அதுதான் ரூல்." "அப்ப களைப்பு எண்டு எங்கையிருந்து வந்தது? அதை அவர் வாயாலை சொன்னவரோ?" என்று கேட்டேன். கடையில் நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். "பின்னேரமாகிப் போச்சு, அண்டைக்கு எனக்கு அது நாலாவது கேஸ்" என்றார். பையைக் கூட எடுக்காமல் போய்விட்டார். மகன், களைத்துப் போயிருந்தது அவர். தன் களைப்பைத் தூக்கி உன் அப்பாவின் வாயில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கிறார்.

பின்னால் சொல்கிறேன் என்ற ஒன்றை இப்போது சொல்கிறேன். அந்த மாசி மாதக் காலையில் உன் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதவடியில் இருந்தபோது, ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்று கேட்டேன். விசா இல்லாமல் போய் மாட்டிக்கொள்வோம் என்று அவர் தலையாட்டி மறுத்தார். நான் வற்புறுத்தவில்லை. "கொஞ்சம் படுங்கோ, களைப்பாத்தான் இருக்கும்" என்றேன். அந்தச் சொல்லை நானும் சொன்னேன். இதை முதலில் ரஷெலுக்குத்தான் சொன்னேன். யாருடைய சொல்லின் மேல் இத்தனை வருடம் நடக்கிறாய் என்று அவர் ஒருநாள் கேட்டார், அப்போது சொன்னேன். அவர் என்னைத் தேற்றவில்லை, அதனாலேயே அவரை எனக்குப் பிடிக்கும். அவர்களுடைய முறைப்படி, செய்த பிழைக்கு மன்னிப்பை யாருக்குப் பிழை செய்தோமோ அவரிடம்தான் கேட்க வேண்டும், கடவுள்கூட இடையில் வந்து மன்னிக்க முடியாது என்றார். ஆள் இறந்து போயிருந்தால்? பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு அவர் கல்லறைக்குப் போய், நான் இவருக்கு இந்தப் பிழையைச் செய்தேன் என்று எல்லாரும் கேட்கச் சொல்ல வேண்டும். உன் அப்பாவுக்குக் கல்லறை இல்லை, எரித்துவிட்டோம். ஆகவே நான் பெல்வில் அறையில், அந்த நரைத்த தலைகள் பத்துப் பேரை நிற்க வைத்து, ஊமை என்று சொன்னதையும் களைப்பு என்று சொன்னதையும் என் அரைகுறைப் பிரெஞ்சில் சொன்னேன். சொல்லி முடித்து அவர்கள் முறைப்படி மூன்று அடி பின்னால் வைத்தேன். என் பங்கு அத்தோடு முடிந்தது. ரஷெலைக் கேட்டால் நான் இன்னும் முடிக்கவில்லை என்றுதான் சொல்லுவார், இப்போது மகள் வீட்டில் மார்செயில் இருக்கிறார், முந்தாநாள் எடுத்துக் கதைத்தேன். நான் தந்த தொழுகையை நீ கத்தியாக்கிவிட்டாய் என்றார். ஓம் மதாம், கத்திதான், நன்றாகத் தீட்டித் தந்தீர்கள் என்றேன்.

செவ்வாய்க்கிழமை நிவேதாவின் தாய் ஃபோன் எடுத்தா. நல்ல மனுசி, மரியாதையாகத்தான் கதைத்தா. "அக்கா, குறை நினையாதேங்கோ. அறுகரிசி போடேக்கை நீங்கள் கொஞ்சம் பின்னுக்கு இருந்தால் நல்லது எண்டு ஐயர் சொல்லுறார். முதல் எங்கடை அண்ணை போடுவார்" என்றா. விளங்கியதா மகன்? புருஷனை இழந்தவள் நான், என் கை ஆகாது, நான் பின்னுக்கு. என்னை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவர் முன்னுக்கு. அறுகம்புல்லும் அரிசியும் எடுத்து, உன் பாதம், முழங்கால், தோள், தலை என்று மூன்று தரம் தொட்டு அவர் ஆசீர்வதிப்பார். உன் அப்பாவைக் கட்டித் தூக்கியபோது பிசகிய அதே தோளைத்தான் நீ அவரிடமிருந்து வாங்கியிருக்கிறாய், அதே உயரம், அதே சாய்வு. அந்தத் தோளில் கந்தசாமியின் கை படும்.

நீ இப்போது பயந்திருப்பாய், அம்மா அவரைக் கூப்பிடாதே என்று சொல்லப் போகிறா என்று. இல்லை. நிவேதா மீது எனக்கு ஒரு குறையும் இல்லை, அவள் உனக்குக் கிடைத்தது உன் அதிர்ஷ்டம். கல்யாணம் நடக்கட்டும், கந்தசாமி வரட்டும். முன் வரிசையில் இருத்து. அறுகரிசியை முதலில் அவரே எடுக்கட்டும். அவர் மணவறைக்கு ஏறும்போது நானும் எழுந்து வருவேன், ஐயர் என்ன சொன்னாலும் வருவேன். சத்தம் போட மாட்டேன், சாபம் போட மாட்டேன், அவருடைய சட்டையைப் பிடிக்க மாட்டேன். அவருக்கு முன்னால் கால் இரண்டையும் சேர்த்து வைத்து, கைகளைப் பின்னால் உயர்த்தி, நுனிக்காலில் நிற்பேன். உன் அப்பா மேசைக்கு முன்னால் நின்றதைப் போலவே நிற்பேன். மண்டபத்தில் முந்நூறு பேர் இருப்பார்கள். பெடியனின் தாய்க்கு என்ன, என்ன செய்கிறா என்று கேட்பார்கள். பிரெஞ்சுக்காரச் சிநேகிதர்கள் பிரெஞ்சில் கேட்பார்கள். அந்த மண்டபத்தில் அதன் அர்த்தம் தெரிந்தவர்கள் நாலு பேர்தான், நான், இதை வாசித்துவிட்ட நீ, உன் வாயால் கேட்ட நிவேதா, அவர். நீயும் அவளும் வாயைத் திறக்காதீர்கள். அவர் சொல்லட்டும். இரண்டு பாஷையும் தண்ணீர் மாதிரிக் கதைக்கிறவர்தானே.

அவர் சரியாகச் சொன்னால், ஒரு வசனம் போதும், நான் கையை இறக்கி, குதிக்காலைத் தரையில் வைத்து, மூன்று அடி பின்னால் போய் அவர்கள் சொன்ன இடத்தில் இருந்துகொள்வேன். பிறகு அவர் உன்னைத் தொட்டு ஆசீர்வதிக்கலாம், அதன் பிறகு எனக்கும் அவருக்கும் ஒன்றுமில்லை. கல்யாண மண்டபத்தில் வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் அவரிடம் இந்தக் கடிதத்தைக் கொடு. நான் ஒளித்திருந்து அடிக்கவில்லை. பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு பதினொரு நாளுக்குள் என் கதவடிக்கு வந்து, உன் அப்பா இருந்த அதே இடத்தில் நின்று சொல்லட்டும். வராவிட்டால் மண்டபம். ஒன்றுமே சொல்லாமல் நின்றார் என்றால், அவர் சொல்லும் வரைக்கும் நான் அப்படியே நிற்பேன், நல்ல நேரம் போனாலும் நிற்பேன். அதற்கு உன்னிடம் இப்போதே மன்னிப்புக் கேட்டு வைக்கிறேன், ஆனால் மாற மாட்டேன்.

ஐம்பத்தாறு வயதில் இது ஏலுமா என்று நீ யோசிப்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ போனதிலிருந்து ஒவ்வொரு நாள் காலையும் குசினியில் நின்று பார்க்கிறேன். முதல் நாள் நூறு எண்ணுவதற்குள் கால் நடுங்கியது. இன்றைக்கு உலையில் அரிசி போட்டுவிட்டு நின்றேன், சோறு வெந்து வடிக்கும் வரை நின்றேன். எனக்குக் களைப்பு இல்லை, மகன்.

அம்மா